சர்க்கரை மெஷின் சொல்லுது... செல்போன் கேட்குதா?

வீட்டில் சர்க்கரை பார்க்கிற மீட்டர் இருக்கிறதா? அது செல்போனோடு பேசுகிற புது ரகமா? அப்படியானால் இந்தப் பாடம் உங்களுக்குத்தான்.

முன்பெல்லாம் ஒரு பழைய டைரியில் பேனாவால் கோடு போட்டு, காலை, மதியம், ராத்திரி என்று எழுதிக்கொண்டு டாக்டரிடம் போவோம். பாதி நாள் எழுத மறந்துபோகும். ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து, மீதியை மனக்கணக்காக நிரப்புகிற புண்ணியவான்களும் உண்டு! இப்போது விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தம் வைத்தால் போதும். அளவு தானாகவே செல்போனுக்குப் போகிறது. அங்கிருந்து பெங்களூரில் இருக்கும் மகளுக்குப் போகிறது. டாக்டர் அந்த வரைபடத்தைப் பார்த்து, ‘ராத்திரி இன்சுலின் ரெண்டு யூனிட் கூட்டிக்கோங்க’ என்கிறார்.

நல்ல வசதிதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். டாக்டர் மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அந்த நம்பரை நம்பித்தான். நம்பர் போய்ச் சேராவிட்டால் ஒரு கஷ்டம். தப்பான நேரத்தோடு, தப்பான ஆள் பெயரில் போய்ச் சேர்ந்தால் அதைவிடப் பெரிய கஷ்டம். அதனால், செல்போனில் டேட்டா வைப்பது எப்படி, சின்க் செய்வது எப்படி என்பதை, மருந்து டப்பாவைப் படிக்கிற அதே கவனத்தோடு படிப்போம்.

முதலில், ‘சின்க்’ என்றால் என்ன?

இரண்டு இடங்களில் இருக்கும் கணக்கை ஒன்றாக்குவதுதான் சின்க். கடைக்காரர் நோட்டிலும் உங்கள் பால் கார்டிலும் ஒரே கணக்கு இருக்கவேண்டும் அல்லவா? மாசக் கடைசியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்ப்பீர்கள். அந்த வேலையைச் செல்போன் நிமிஷத்துக்கு நிமிஷம் செய்கிறது.

சர்க்கரை மீட்டர் விஷயத்தில் இந்தப் பயணம் இரண்டு கட்டமாக நடக்கிறது.

முதல் கட்டம்: மீட்டரிலிருந்து உங்கள் செல்போனுக்கு. இது ‘புளூடூத்’ வழியாக நடக்கிறது. இதற்கு இன்டர்நெட் வேண்டாம், சிம் கார்டுகூட வேண்டாம். மீட்டரும் போனும் ஒரே அறையில் இருந்தால் போதும்.

இரண்டாம் கட்டம்: உங்கள் செல்போனிலிருந்து மீட்டர் கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு. இதற்குத்தான் மொபைல் டேட்டாவோ வைஃபையோ வேண்டும். மகளும் டாக்டரும் அந்தக் கம்ப்யூட்டரிலிருந்துதான் பார்க்கிறார்கள்.

இதைப் புரிந்துகொண்டால், கோளாறு எங்கே என்று நீங்களே சொல்லிவிடலாம். மீட்டரில் 142 என்று வந்தது, ஆனால் உங்கள் போனில் வரவில்லையா? முதல் கட்டத்தில் கோளாறு, புளூடூத்தைப் பாருங்கள். உங்கள் போனில் வந்துவிட்டது, மகள் போனில் வரவில்லையா? இரண்டாம் கட்டத்தில் கோளாறு, டேட்டாவைப் பாருங்கள். இது தெரியாமல் மீட்டரை மாற்றி, போனை மாற்றி, கடைசியில் ‘எல்லாம் டூப்ளிகேட்’ என்று திட்டுவதில் பிரயோஜனம் இல்லை.

டேட்டா வேலை செய்கிறதா? ஐந்து கேள்வி

வீட்டில் வைஃபை இருந்தாலும் மொபைல் டேட்டாவைச் சரி செய்து வையுங்கள். கரன்ட் போனால் வைஃபையும் போகும். கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போகும்போது வைஃபை கூடவே வராது. ஒரு நிமிஷம் வைஃபையை அணைத்துவிட்டு, போனில் ஏதாவது செய்திப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். திறந்ததா? நல்லது. திறக்கவில்லையா? வரிசையாக இந்த ஐந்தையும் பாருங்கள்.

ஒன்று: மேலே விமானப் படம் தெரிகிறதா? அது ‘ஏரோபிளேன் மோட்’. பேரக்குழந்தை விளையாடும்போது அமுக்கியிருக்கும். அணைத்துவிடுங்கள்.

இரண்டு: மொபைல் டேட்டா ‘ஆன்’ ஆகியிருக்கிறதா? போனின் மேல் விளிம்பிலிருந்து விரலால் கீழே இழுத்தால் அந்தப் பொத்தான் தெரியும்.

மூன்று: இரண்டு சிம் போட்ட போனா? எந்த சிம்மில் டேட்டா எடுக்கவேண்டும் என்று செட்டிங்ஸில் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். ரீசார்ஜ் செய்தது ஒரு சிம்மில், டேட்டா எடுப்பது இன்னொரு சிம்மில் என்று இருந்தால் எப்படி வேலை செய்யும்?

நான்கு: பேக் காலாவதி ஆகிவிட்டதா? அல்லது அன்றைய டேட்டா தீர்ந்துவிட்டதா? தினம் இத்தனை ஜிபி என்று வரும் பேக்கில், அளவு தீர்ந்ததும் வேகம் மிகவும் குறைந்துபோகும். மத்தியானமே சினிமா பார்த்துத் தீர்த்துவிட்டால் ராத்திரி சின்க் திணறும்.

ஐந்து: இவை எல்லாம் சரியாக இருந்தும் டேட்டா வரவில்லையா? அப்போது பார்க்கவேண்டியது ‘ஏபிஎன்’. ‘ஆக்ஸஸ் பாயின்ட் நேம்’ என்பதன் சுருக்கம்.

ஏபிஎன் என்பது என்ன?

உங்கள் செல்போன் டவரைத் தொட்டுவிட்டது என்பதற்காக இன்டர்நெட் வந்துவிடாது. கம்பெனியின் எந்த வாசல் வழியாக இன்டர்நெட்டுக்குள் நுழையவேண்டும் என்று போனுக்குத் தெரியவேண்டும். அந்த வாசலின் பெயர்தான் ஏபிஎன். புது சிம் போட்டதும் பெரும்பாலும் இது தானாகவே வந்துவிடும். நம்பரை ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போதும், வெளிநாட்டில் வாங்கிய போனில் நம் ஊர் சிம் போடும்போதும்தான் சில சமயம் குழப்பம் வரும்.

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், அதில் ‘நெட்வொர்க்’ அல்லது ‘கனெக்‌ஷன்ஸ்’, அதற்குள் உங்கள் சிம், அதற்குள் ‘ஆக்ஸஸ் பாயின்ட் நேம்ஸ்’ என்று போகவேண்டும். மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, ‘ரீசெட் டு டிஃபால்ட்’ கொடுங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும். சரியாகாவிட்டால் கையால் எழுதவேண்டும். ஜியோவுக்கு ‘ஜியோநெட்’, பி.எஸ்.என்.எல்.லுக்கு ‘பிஎஸ்என்எல்நெட்’, ஏர்டெல்லுக்கு ‘ஏர்டெல்ஜிபிஆர்எஸ்’ என்று எழுதி, ஒரு புள்ளி வைத்து ‘காம்’. எல்லாமே ஆங்கிலச் சின்ன எழுத்தில், நடுவில் இடம் விடாமல். பிறகு போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

‘டேட்டா ரொம்ப செலவாகுமே’ என்று பயமா? சர்க்கரை அளவு என்பது ஒரு நம்பரும் ஒரு தேதியும்தான். அதற்கு ஆகும் டேட்டா கடுகளவு. மருந்துச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பினால்கூட ஒரு படத்துக்குச் சுமார் 3 எம்பி. ஒரு ஜிபியில் அப்படி முந்நூறு படத்துக்கு மேல் அனுப்பலாம். டேட்டாவைக் குடிப்பது வீடியோதான். சர்க்கரைக் கணக்கு அல்ல.

மீட்டரையும் போனையும் ஜோடி சேர்ப்பது

இதைச் செய்ய ஒரு கால் மணி நேரம் ஒதுக்குங்கள். அவசரம் வேண்டாம்.

மீட்டரில் புது பேட்டரி போடுங்கள். மீட்டர் பெட்டியில் எழுதியிருக்கும் அதே செயலியை, போனின் அதிகாரபூர்வ கடையிலிருந்து மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய லிங்கைத் தொடாதீர்கள். போனில் புளூடூத்தை ஆன் செய்து, செயலிக்குள் இருந்தபடியே ‘புது மீட்டர் சேர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். மீட்டர் தன் பெயரைக் காட்டும். சில மீட்டர்கள் ஒரு ரகசிய எண் கேட்கும். அது பெரும்பாலும் மீட்டரின் முதுகில் அல்லது திரையில் இருக்கும்.

இந்தக் கட்டத்தில் போன் சில அனுமதிகளைக் கேட்கும். ‘அருகில் உள்ள கருவிகளைத் தேட அனுமதிக்கலாமா?’ என்று கேட்டால் ‘ஆம்’ சொல்லுங்கள். கொஞ்சம் பழைய ஆண்ட்ராய்டு போன் ‘லொகேஷன்’ அனுமதி கேட்கும். ‘நான் எங்கே இருக்கேன்னு இதுக்கு எதுக்குத் தெரியணும்?’ என்று பலர் மறுத்துவிடுகிறார்கள். அந்தப் பழைய போன்களில் புளூடூத் கருவியைத் தேடவே அந்த அனுமதி தேவை. மறுத்தால் மீட்டர் கண்ணில் படாது. ஆனால், சர்க்கரைச் செயலி உங்கள் போட்டோ, போன் நம்பர்கள், மெசேஜ் எல்லாவற்றையும் கேட்டால் தாராளமாக மறுக்கலாம்.

முன்பு வேறு போனோடு ஜோடி சேர்த்த மீட்டரா? பழைய போனின் புளூடூத் பட்டியலில் அதை ‘மறந்துவிடு’ என்று கொடுத்துவிட்டு, பிறகு புது போனோடு சேருங்கள். இல்லாவிட்டால் மீட்டர் பழைய வீட்டுக்கே தபால் போடும்.

கடிகாரம்... ஜாக்கிரதை!

இந்தப் பாடத்தில் மிக முக்கியமான பகுதி இதுதான். நிதானமாகப் படியுங்கள்.

மீட்டருக்குள் ஒரு குட்டிக் கடிகாரம் இருக்கிறது. ஒவ்வொரு அளவோடும் அந்தக் கடிகாரத்தின் நேரமும் சேர்ந்தே போனுக்குப் போகும். பேட்டரி மாற்றும்போது சில மீட்டர்களில் இந்த நேரம் அழிந்துவிடும், அல்லது காலை என்பது மாலை ஆகிவிடும். சில மீட்டர்கள் சின்க் ஆகும்போது போனைப் பார்த்துத் தாங்களே நேரத்தைத் திருத்திக்கொள்ளும். சில திருத்திக்கொள்ளாது. உங்களுடையது எந்த ரகம்?

ஒரு உதாரணம் பார்ப்போம். ஒரு வீட்டில் பெரியவருக்குக் காலை 7 மணிக்கு, வெறும் வயிற்றில், 118. ராத்திரி 9 மணிக்கு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, 246. அதாவது ராத்திரி சாப்பாட்டில்தான் தகராறு. ஆனால் மீட்டர் கடிகாரத்தில் காலையும் மாலையும் தலைகீழாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டாக்டரின் திரையில் என்ன தெரியும்? காலை 9 மணிக்கு 246, மாலை 7 மணிக்கு 118!

‘காலை டிபனுக்கு அப்புறம்தான் ஏறுது’ என்று முடிவு செய்து அவர் காலை இன்சுலினைக் கூட்டினால்? பெரியவருக்குப் பதினொன்று, பன்னிரண்டு மணிவாக்கில் சர்க்கரை தடாலென்று இறங்கும். கை நடுங்கும், வேர்க்கும், தலை சுற்றும். தனியாக பாத்ரூமில் இருந்தால் விழுந்து இடுப்பு எலும்பே முறியலாம். எதனால்? ஒரு கடிகாரத்தால்!

அதனால்...

பேட்டரி மாற்றிய அன்றே மீட்டரின் தேதி, நேரம், காலையா மாலையா என்று மூன்றையும் பாருங்கள்.

போனில் ‘தானாக நேரம் அமை’ என்பதை ஆன் செய்து வையுங்கள்.

நேரம் தப்பாக இருந்ததைக் கண்டுபிடித்துத் திருத்திவிட்டீர்களா? ஏற்கெனவே பதிவான அளவுகளின் நேரம் பெரும்பாலும் தானாகத் திருந்தாது. ‘டாக்டர், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரைக்கும் நேரம் தப்பு’ என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

ஒரே மெஷின், ரெண்டு பேர்

‘வீட்ல எங்க ரெண்டு பேருக்கும் சுகர். எதுக்கு ரெண்டு மெஷின்?’ என்று கேட்கும் தம்பதிகள் உண்டு. சிக்கனம் நல்லதுதான், இங்கே வேண்டாம்.

மீட்டருக்கு விரல் யாருடையது என்று தெரியாது. ஐயாவின் 210-ம் அம்மாவின் 96-ம் ஒரே கணக்கில் போய் விழும். டாக்டர் பார்க்கும்போது, ஒரே ஆளுக்குச் சர்க்கரை மலையும் பள்ளமுமாக ஏறி இறங்குவதுபோல் தெரியும். ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷினில் சில ரகங்களில் ‘ஒன்று’, ‘இரண்டு’ என்று ஆள் மாற்றும் பொத்தான் இருக்கும். அதைத் தள்ள மறந்தாலும் இதே குளறுபடிதான்.

இதைவிட முக்கியமான ஒரு விஷயம். விரல் குத்தும் பேனாவை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளவே கூடாது. ‘ஊசியை மாத்திட்டுத்தான் குத்துறோம்’ என்றாலும் கூடாது. பேனாவின் முனையில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் ஒட்டியிருக்கும். ஹெபடைடிஸ்-பி போன்ற நோய்கள் அந்த வழியாகப் பரவும். கணவன் மனைவியானாலும் ஆளுக்கொரு பேனா. முடிந்தால் ஆளுக்கொரு மீட்டர், ஆளுக்கொரு கணக்கு.

நேற்று வரை நன்றாக இருந்தது, இன்று சின்க் ஆகவில்லை!

காரணங்கள் பெரும்பாலும் இவைதான்.

பேட்டரி சேமிப்பு: போனில் சார்ஜ் குறைந்ததும், பின்னணியில் நடக்கும் வேலைகளை அது நிறுத்திவிடும். சர்க்கரைச் செயலியும் அதில் அடிபடும். செட்டிங்ஸில் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரி கட்டுப்பாடு வேண்டாம் என்று கொடுத்துவிடுங்கள்.

டேட்டா சேமிப்பு: ‘டேட்டா சேவர்’ ஆன் ஆகியிருந்தால், செயலியைத் திறந்து வைத்திருக்கும்போது மட்டும்தான் டேட்டா ஓடும். இதிலும் சர்க்கரைச் செயலிக்கு விலக்கு கொடுங்கள்.

பாஸ்வேர்டு மாற்றியது: மகன் ஊருக்கு வந்தபோது பாதுகாப்புக்காக பாஸ்வேர்டை மாற்றியிருப்பான். செயலி வெளியே வந்து நிற்கும். மறுபடி உள்ளே போகவேண்டும்.

இடம் இல்லை: காலை வணக்கப் படங்களும் வீடியோக்களும் சேர்ந்து போனை நிரப்பியிருக்கும். அவற்றில் வேண்டாததை அழியுங்கள்.

ஒரு ஆறுதல். சின்க் நின்றதால் அளவு உடனே தொலைந்துவிடாது. பெரும்பாலான மீட்டர்கள் சில நூறு அளவுகளைத் தங்கள் நினைவிலேயே வைத்திருக்கும். மறுபடி ஜோடி சேர்ந்ததும் மொத்தமாக அனுப்பிவிடும். அதற்குள் டாக்டரைப் பார்க்கப் போவதானால் மீட்டரையே கையில் எடுத்துப் போய்விடுங்கள்.

கையில் ஒட்டும் சென்சார் வைத்திருக்கிறீர்களா?

மேல் கையில் வில்லை மாதிரி ஒட்டிக்கொண்டு, நாள் முழுக்கச் சர்க்கரையைக் காட்டும் சென்சார்கள் இப்போது வந்திருக்கின்றன. சர்க்கரை தாழ்ந்தால் போன் அலறும். அலறவேண்டும் என்றால் சில நிபந்தனைகள். புளூடூத் ஆன் ஆகியிருக்கவேண்டும். போன் பக்கத்தில் இருக்கவேண்டும். செயலிக்கு அறிவிப்பு அனுமதி இருக்கவேண்டும். செயலியை வலுக்கட்டாயமாக மூடியிருக்கக்கூடாது. ராத்திரி ‘தொந்தரவு செய்யாதே’ போட்டுவிட்டுத் தூங்குபவர்கள், இந்தச் செயலியின் ஓசையை மட்டும் அனுமதிக்க வழி செய்யுங்கள். போனை ஹாலில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுக்கையறையில் தூங்கினால், யாருக்காக அது அலறும்?

இன்னொன்று. இந்த சென்சார் அளப்பது நேரடியாக ரத்தத்தை அல்ல. தோலுக்குக் கீழே செல்களுக்கு நடுவில் இருக்கும் நீரை. அதனால் ரத்தத்தில் சர்க்கரை வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும், சென்சார் சில நிமிஷம் பின்தங்கித்தான் காட்டும். உடம்பு ஒன்று சொல்கிறது, போன் வேறு சொல்கிறது என்றால் விரலில் குத்திப் பாருங்கள்.

போனைப் பார்க்காதே, ஆளைப் பார்!

வேர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது, படபடப்பு, பேச்சில் தடுமாற்றம். மீட்டரில் 70-க்குக் கீழே. இந்த நேரத்தில் ‘சின்க் ஆச்சா?’ என்று தேடிக்கொண்டிருக்கக் கூடாது. நினைவு தெளிவாக இருந்து, விழுங்க முடிந்தால், உடனே 15 கிராம் குளுக்கோஸ் பொடி அல்லது மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் 70-க்குக் கீழே இருந்தால் மறுபடி ஒருமுறை. சாக்லேட் வேண்டாம், அதில் உள்ள கொழுப்பு, சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். அகார்போஸ், வோக்லிபோஸ் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு வீட்டுச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது, குளுக்கோஸ்தான் கொடுக்கவேண்டும்.

நினைவு இல்லையா? வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-ஐக் கூப்பிடுங்கள். இதற்கு டேட்டா வேண்டாம். சாதாரண போன் கால் போதும்.

அப்படியே, போனின் பூட்டைத் திறக்காமலே மற்றவர் பார்க்கக்கூடிய ‘மருத்துவத் தகவல்’ பகுதியையும் நிரப்பி வையுங்கள். ஐபோனில் ‘ஹெல்த்’ செயலியில் ‘மெடிக்கல் ஐடி’ என்று இருக்கும். பல ஆண்ட்ராய்டு போன்களில் ‘சேஃப்டி அண்ட் எமர்ஜென்சி’ என்ற தலைப்பில் இருக்கும். சர்க்கரை நோய், போடும் இன்சுலின், ஒத்துக்கொள்ளாத மருந்து, கூப்பிடவேண்டிய ஆள். இது போனிலேயே இருப்பதால் டேட்டா இல்லாவிட்டாலும் தெரியும்.

சின்க் வேறு, பேக்கப் வேறு

பலரும் இடறி விழும் இடம் இது. சின்க் என்பது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வைப்பது. அப்படியானால், இந்தப் பக்கம் அழித்தால்? அந்தப் பக்கமும் அழியும்! போனில் இடம் வேண்டுமென்று பழைய ரிப்போர்ட் படங்களை அழித்துவிட்டு, ‘அதான் கூகுள்ல இருக்குமே’ என்று நினைப்பது தப்பு. கூகுள் போட்டோஸில் சேமித்த படத்தை அழித்தால், அது குப்பைத்தொட்டியில் 60 நாள் இருந்துவிட்டு நிரந்தரமாகப் போய்விடும். போனில் மட்டும் இடம் காலியாக வேண்டுமென்றால் ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ என்று தனியாக ஒரு வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

இலவச இடத்துக்கும் அளவு உண்டு. கூகுள் கணக்கில் மெயில், படம் எல்லாம் சேர்த்து 15 ஜிபி. ஆப்பிளின் ஐகிளவுடில் 5 ஜிபி. நிறைந்துவிட்டால் புதுப் படம் ஏறாது. எனவே முக்கியமான ரிப்போர்ட்டுகளை ஒரு பென்டிரைவிலோ, மகள் கம்ப்யூட்டரிலோ தனியாக ஒரு பிரதி வையுங்கள். சர்க்கரைச் செயலியிலிருந்தும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கையை பிடிஎஃப் ஆக எடுத்து வைக்கலாம். மூன்று மாத சராசரி டெஸ்ட் எடுக்கும்போதே இதையும் செய்துவிட்டால் மறக்காது.

யார் பார்க்கலாம்?

‘அம்மாவோட சுகர் என் போன்லயே தெரியுது’ என்று பெருமைப்படும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நல்லதுதான். ஆனால் 230 என்று வந்த அடுத்த நிமிஷமே போன் போட்டு, ‘என்னம்மா சாப்பிட்டே? மறுபடியும் மைசூர்பாகா?’ என்று அதட்டினால் என்ன ஆகும்? அடுத்த தடவை ஸ்வீட் சாப்பிட்ட அன்று அம்மா டெஸ்டே பண்ணமாட்டார்! ‘மெஷின்ல பேட்டரி இல்லடா’ என்பார். வரைபடத்தில் எல்லாம் அழகாக இருக்கும். சர்க்கரை மட்டும் உள்ளே ஏறிக்கொண்டிருக்கும். கூடின அன்று நடக்காத டெஸ்ட்டைவிட, கூடின அன்று தெரிந்த 230 மேல்.

முதலில் அம்மாவிடம் கேளுங்கள். ‘நான் பார்க்கலாமா? எப்போ போன் பண்ணலாம்?’ என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். 70-க்குக் கீழே இறங்கினால் உடனே கூப்பிடுவேன், மற்றதை ஞாயிற்றுக்கிழமை பேசுவோம் என்று ஒரு ஒப்பந்தம். அவரும் நிம்மதியாகக் குத்திப் பார்ப்பார், நீங்களும் நிம்மதியாக இருப்பீர்கள்.

வெளியாட்கள் விஷயத்தில் கறாராக இருங்கள். ‘உங்க ஹெல்த் கார்டைப் புதுப்பிக்கணும், வந்திருக்கிற ஓடிபி நம்பரைச் சொல்லுங்க’ என்று யார் போன் செய்தாலும் சொல்லாதீர்கள். பணம் பறிபோனது தெரிந்தால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யவேண்டும். போனை விற்பதானால் செயலிகளிலிருந்து வெளியே வந்து, எல்லாவற்றையும் அழித்த பிறகே கொடுங்கள்.

சில சந்தேகங்கள்

‘லண்டன்லேர்ந்து பையன் மீட்டர் வாங்கிட்டு வந்தான். 7 புள்ளி 8ன்னு காட்டுது. கெட்டுப்போச்சா?’

கெடவில்லை. அங்கே அளவு முறை வேறு. அந்த நம்பரை 18-ஆல் பெருக்குங்கள். சுமார் 140 வரும். அதுதான் நம் ஊர்க் கணக்கு. ஆனால் பல மீட்டர்களில் அளவு முறையை மாற்ற முடியாது. வீட்டில் இரண்டு விதக் கணக்கு இருந்தால் அவசரத்தில் குழம்பும். இங்கேயே ஒரு மீட்டர் வாங்கிவிடுவது நல்லது.

‘மாம்பழம் நறுக்கிட்டு அப்படியே டெஸ்ட் பண்ணினேன், 300 வந்துச்சு. அதுவும் போன்ல ஏறிடுச்சே?’

விரலில் இருந்த பழச்சாறுதான் காரணமாக இருக்கலாம். சோப்பு போட்டுக் கை கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். செயலியில் அந்த 300-க்குப் பக்கத்தில் ‘கை கழுவவில்லை’ என்று குறிப்பு எழுதுங்கள். அந்த நம்பரை நம்பி இன்சுலினைக் கூட்டிவிடாதீர்கள்.

‘எனக்கு இந்த போன் விவகாரமே வரலை. விட்டுடலாமா?’

தாராளமாக. நோட்டில் தேதி, நேரம், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, அளவு என்று நான்கு கட்டம் போட்டு ஒழுங்காக எழுதினால் எந்த டாக்டரும் குறை சொல்லமாட்டார். போன் பழகியவர்களும் மாதத்தில் ஒரு வாரமாவது நோட்டில் எழுதி, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கே விட்டுப்போகிறது என்று தெரிந்துவிடும்.

மாதம் ஒருநாள், பத்து நிமிஷம்

மளிகைப் பட்டியல் எழுதுகிற நாளையே இதற்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

1. மீட்டர் கடிகாரமும் சுவர்க் கடிகாரமும் ஒன்றா?

2. வைஃபையை அணைத்தால் டேட்டா வருகிறதா? பேக் எந்தத் தேதி வரைக்கும்?

3. கடைசியாக மீட்டரில் பார்த்த அளவு உங்கள் போனில் இருக்கிறதா? மகள் போனில் இருக்கிறதா? மூன்றும் ஒரே நம்பரா, ஒரே நேரமா?

4. டெஸ்ட் ஸ்ட்ரிப் டப்பாவில் காலாவதித் தேதி தாண்டவில்லையே? மூடி இறுக்கமாக இருக்கிறதா?

5. குளுக்கோஸ் பாக்கெட் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா?

இந்த ஐந்தையும் ஒரு அட்டையில் எழுதி, மீட்டர் பெட்டிக்குள்ளேயே போட்டு வைத்துவிடுங்கள். வீட்டில் யார் எடுத்தாலும் கண்ணில் படும்.